தீக்கோட்டுக் காவல்காரி

எண்ணூர்ச் சவுக்குத் தோப்பில் ஆட்காட்டிக் குருவியின் முட்டை மிதிபட்டு உடைந்த நாளில்தான் பச்சையம்மாவுக்குச் சோறு ருசித்தது. அந்த முட்டைகளைக் காப்பதற்கும் சேர்த்தே கூலி வாங்கியவள் அவள். மணல் தரையில் குருவி முட்டையிட்டிருப்பதைக் கண்டால் சுற்றிலும் மூன்று குச்சி நட்டு அடையாளம் வைப்பாள். அப்படியும் விறகுக் கான்ட்ராக்டர் சுப்புராஜின் ஆட்கள் மிதித்துவிட்டால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அவன் தலையில் இன்னொரு குற்றம் ஏறியதே என்று.

வெளியூரிலிருந்து தோப்பைப் பார்க்க வந்தவர்கள், வாயில்லா ஜீவன்கள்மேல் இந்த அம்மாளுக்கு எத்தனை கருணை என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கருணையாவது, கத்திரிக்காயாவது! அவள் நெஞ்சில் இருந்தது ஒரே ஒரு நெருப்பு. அது சுதந்திரம் வந்த மறுவருஷச் சித்திரையில் பற்றியது.

அந்தச் சித்திரையில் தோப்பு எரிந்தது. சவுக்கு மரம் வருஷம் முழுதும் ஊசி ஊசியாய்ச் சருகை உதிர்க்கும். அது முழங்கால் உயரம் மெத்தையாய்ச் சேர்ந்துவிட்டால், ஒரு பொறி போதும். அதனால்தான் கோடை தொடங்கும் முன்னே, மரங்களுக்கு நடுவே வண்டிப்பாதை அகலத்துக்குச் சருகை வாரி வெறும் தரையாக விடுவார்கள். தீ வந்தால் அங்கே நின்று அணைந்துபோகும். அதற்குத் தீக்கோடு என்று பெயர். விறகு வெட்டும் கான்ட்ராக்டு எடுத்தவனே தீக்கோடும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சுப்புராஜ் அந்த வருஷம் எடுக்கவில்லை. ராயபுரத்து விறகுத் தொட்டிகளில் கிராக்கி ஏறியிருந்த நேரம். வாருகோல் பிடிக்க வேண்டிய கைகளை எல்லாம் வண்டி ஏற்ற அனுப்பிவிட்டான்.

தோப்பின் ஓரத்தில்தான் மீனவர் குப்பம். தீ குடிசைகளின் பக்கம் திரும்புவதைப் பார்த்த பச்சையம்மாவின் புருஷன் கோதண்டம், பச்சைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு எதிரே ஓடினான். மற்றவர்கள் கட்டுமரங்களைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் குப்பம் எரிந்தது, பாதி பிழைத்தது. கோதண்டத்தைத் தென்னோலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

அவனுக்குப் பால் ஊற்றுவதற்குள் சுப்புராஜ் விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான். கோதண்டம் தோப்புக்குள் பீடி பிடித்தானாம், அந்தப் பீடியில்தான் தீ பிடித்ததாம், அதை மறைக்கத்தான் அணைக்க ஓடினானாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? குடிசையை இழந்தவர்களுக்கும் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கல்மண்டபத்தில் மாடிக்கடை வைத்திருக்கும் சுப்புராஜின் குடும்பத்தின்மேல் கோபப்படுவதைவிடப் பக்கத்துக் குடிசையின்மேல் கோபப்படுவது சுலபம். அன்றிலிருந்து பச்சையம்மாவுக்குப் பெயர் போய், 'தீ வெச்சவன் பொண்டாட்டி' ஆனாள்.

தோப்பின் நடுவே, மணல் மேடுகளுக்கு இடையில், ஒரு நன்னீர்க் குட்டை உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. நடுவில் இது மட்டும் இளநீர் மாதிரி இனிக்கும். குப்பம் முழுவதற்கும் குடிதண்ணீர் அதுதான். அந்தக் குட்டையில் எல்லாப் பெண்களும் மொண்டு போன பிறகே பச்சையம்மா குடத்தை இறக்கலாம் என்று எழுதாத சட்டம் ஒன்று வந்தது. குட்டையில் வாழும் ஆமைகள்கூட அவளுக்கு முன்னால் தண்ணீர் குடித்தன. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். நின்றபடி சுப்புராஜின் முகத்தை நினைத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு அருள்நாதன் என்று ஒரு புது ரேஞ்சர் வந்தார். தீக்கோடு எடுப்பதில் அவருக்குக் கண்டிப்பான முறை இருந்தது. சருகை வாரலாம், தரையைத் தோண்டக் கூடாது. மணல் மேட்டில் படர்ந்த அடம்புக் கொடியின் வேர்தான் மணலைப் பிடித்துவைத்திருக்கிறது, அதைப் பிடுங்கக் கூடாது. வாரிய சருகைக் குட்டைக்கருகே குவிக்கவோ எரிக்கவோ கூடாது, சாம்பல் தண்ணீரில் இறங்கும். குவியலைக் கொளுத்தும் முன் தடியால் தட்டி, உள்ளே படுத்திருக்கும் முயலையும் கீரியையும் ஓடவிட வேண்டும். மீறினால் எச்சரிக்கை. பெரிதாக மீறினால் கான்ட்ராக்டே ரத்து. இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்.

ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். பச்சையம்மா தானாகப் போய் அவர் முன்னால் நின்றாள். எதற்காக இந்த வேலைக்கு ஆசைப்படுகிறாய் என்று அவர் கேட்டதற்கு, தோப்பு நன்றாயிருக்க வேண்டும் என்று பதில் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அன்றுமுதல் சுப்புராஜின் நிழல் விழுந்த இடமெல்லாம் அவள் நிழலும் விழுந்தது. வாருகோலின் பல் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அவள் குரல் வரும். அடம்புக் கொடி ஒரு முழம் அறுந்திருந்தால், கையோடு எடுத்துப் போய் ரேஞ்சர் மேஜைமேல் வைப்பாள். அவனோ தெற்கே தேரிக்காட்டிலிருந்து கிளம்பி வந்து, அண்ணன் கடையில் மூட்டை சுமந்து, விறகுத் தொட்டி வைக்கும் அளவுக்கு நிமிர்ந்தவன். பணிய வேண்டிய இடத்தில் பணியத் தெரிந்தவன். எச்சரிக்கை வந்தால் கைகட்டிக் கேட்டுக்கொள்வான். மறுநாள் ஒழுங்காக இருப்பான். பெரிய குற்றம் ஒன்றும் அவள் கையில் சிக்கவில்லை. பசித்தவள் உலைமூடியைப் பார்ப்பதுபோல அவள் காத்துக்கிடந்தாள்.

அடுத்த பங்குனியில் சிக்கியது.

அந்த வருஷம் துறைமுகத்தில் கூலி அதிகம் என்று வாருகிற ஆட்கள் பலர் போய்விட்டார்கள். பச்சையம்மாவோடு நின்று சருகு வார ரசூல் பீவியும் இன்னும் சில பெண்களும்தான் மிச்சம். சுப்புராஜுக்கு ஒரு யோசனை உதித்தது. சருகை வாரினால்தானே ஆள் வேண்டும்? அவன் ஊரில் பனைவிளைத் தோப்புக்குத் தீ வராமல் இருக்கச் சுற்றிலும் அகழி மாதிரிப் பள்ளம் வெட்டிவிடுவார்கள். அதையே இங்கும் செய்தால் நாலு மண்வெட்டி போதும். குட்டையில் தொடங்கிக் கழிவரைக்கும் ஒரே பள்ளம்.

பச்சையம்மா போய்ப் பார்த்தபோது பாதி வெட்டியாகிவிட்டது. அடம்பு வேர்கள் அறுந்து இருபுறமும் தொங்கின. சுப்புராஜ் மேட்டில் நின்றுகொண்டு பெருமையாகச் சொன்னான்:

"இந்தப் பக்கம் குட்டை, அந்தப் பக்கம் கழி. ரெண்டு முனையிலயும் தண்ணி. தீ எங்கன தாண்டும்? ரேஞ்சர் ஐயா பௌர்ணமிக்கு வாராவ. இதப் பாத்தா அவியளே மூக்குமேல விரல வைப்பாவ. நீ வேணும்னா இப்பவே போய் கோள் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஏனென்றால் அன்று காலையில்தான் குப்பத்தில் தம்பட்டம் அடித்திருந்தார்கள். கோடையில் கழியின் முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொள்ளும். கழியில் தண்ணீர் வற்றி, இறால் செத்துப்போகும் நிலை வந்ததும், குப்பத்து ஆண்கள் ஒன்றாகப் போய், கடல் ஏறும் நேரம் பார்த்து அந்த மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். கடல் உள்ளே பாயும். இந்த வருஷம் பௌர்ணமியன்று வெட்டு என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் முடிவு செய்திருந்தார். வற்றிக் கிடந்த கழியைப் பார்த்து, அதுதான் அதன் மட்டம் என்று நினைத்து சுப்புராஜ் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தான். குப்பத்து ஆண்களுக்கோ தோப்புக்குள் பள்ளம் வெட்டுவது தெரியாது. தண்ணீர் மொள்ள வரும் பெண்கள் அதை வழக்கமான தீக்கோட்டு வேலை என்று விட்டுவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போதே சொன்னால் என்ன நடக்கும்? பாதிப் பள்ளம்தானே, மூடினால் போதும் என்று இன்னோர் எச்சரிக்கை வரும். பள்ளத்தை மூடிவிட்டு அவன் மறுபடி கைகட்டி நிற்பான். சொல்லாமல் இருந்தால்? கடல் கழிக்குள் ஏறும். கழி பள்ளத்துக்குள் ஏறும். பள்ளம் குட்டையில் போய் முடியும். ஒரு குப்பத்தின் குடிதண்ணீரைக் கெடுத்தவனை எந்த ரேஞ்சர் மன்னிப்பார்? ஜன்மத்துக்கும் அவன் இந்தத் தோப்பில் கால் வைக்க முடியாது.

அப்புறம், தன்னைக் கடைசியில் நிறுத்திய பெண்களும் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கட்டுமே என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. அந்தக் குரலை அவள் அடக்கவில்லை.

அடுத்த நாட்களில் அவள் வீட்டிலிருந்த பானை, சட்டி, தவலை எல்லாவற்றிலும் குட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினாள். ரசூல் பீவி பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, வூட்ல கல்யாணமா? யாருக்கு, உனக்கா?"

பச்சையம்மா சிரிக்கவில்லை. வெயில் காலம், தண்ணீர் கிடைக்காது என்றாள். ரசூல் பீவி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் குடத்தோடு போய்விட்டாள்.

பௌர்ணமியன்று காலையில் குப்பம் முழுவதும் மண்வெட்டியோடு முகத்துவாரத்தில் கூடியது. ரேஞ்சரும் வேடிக்கை பார்க்க அங்கேயே போயிருந்தார். சுப்புராஜின் ஆட்களும் போய்விட்டார்கள். தோப்பில் பச்சையம்மாவும் ரசூல் பீவியும் சருகு வாரிக்கொண்டிருந்தார்கள். சுப்புராஜ் ரேஞ்சருக்குக் காட்டப்போகும் பள்ளத்தை ஒருமுறை நடந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தான். குட்டையின் கரையை ஒட்டி ஒரு மெல்லிய மண்வரப்பை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தான். ரேஞ்சர் முன்னால் அதை உடைத்துப் பள்ளத்தில் தண்ணீரை விட்டுக்காட்டலாம் என்பது அவன் ஆசை.

முகத்துவாரத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. மணல் திட்டு உடைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கழி பொங்கியது. பள்ளத்தின் கோடி முனையில் நுரை தெரிந்தது. பாம்பு ஊர்வதுபோல நெளிந்து நெளிந்து தண்ணீர் உள்ளே வந்தது. சுப்புராஜ் கைதட்டாத குறை.

"பாத்தியா பச்சையம்மா? தீக்கோடுன்னா இதுல்லா. தண்ணிக் கோடே போட்டாச்சு."

அவள் குனிந்து அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவனையும் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவனும் வைத்தான். உப்பு! குட்டை இனி என்ன ஆகும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் வரப்பைத் தொட்டுவிட்டது. வரப்பின் அடியில் மண் கரைந்து, நூல்போல ஒரு கசிவு குட்டையின் வடக்கு மூலைக்குள் இறங்கியது. அந்த மூலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமைகள் தலையை நீட்டின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் நடக்கத் தொடங்கின. பச்சையம்மா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றாள். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாள்?

அப்போதுதான் சுப்புராஜ் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"காவலுக்கு இருந்தவ நீதான? வெட்டும்போது நீ தடுத்தியா? ரேஞ்சர் கேட்டா, காவக்காரி காட்டுன இடத்துல வெட்டுனோம்னுதான் சொல்லுவேன். நம்புவாவ. ஒம் புருசன நம்புனாவளா?"

பச்சையம்மாவுக்கு உச்சந்தலையில் இடி விழுந்தது போலிருந்தது. ஆமாம், நம்புவார்கள். புருஷன் தோப்பை எரித்தான், பெண்டாட்டி தண்ணீரைக் கெடுத்தாள் என்று பேர் வரும். ஒரே வீட்டில் இரண்டு பேர். இவனை அழிக்க வேண்டும் என்று எத்தனை இரவு கருவினாள். அத்தனையும் சேர்த்து, கோதண்டத்தின் தலையில் இன்னொரு கொள்ளிக்கட்டையை அல்லவா வைத்திருக்கிறாள்?

அவள் ரசூல் பீவியைக் கூப்பிட்டு, ஓடிப்போய் ரேஞ்சரையும் ஊரையும் மண்வெட்டியோடு கூட்டிவரச் சொன்னாள். ரசூல் பீவி வாருகோலைப் போட்டுவிட்டு ஓடினாள். பிறகு பச்சையம்மா சுப்புராஜின் பக்கம் திரும்பினாள். குரல் மோர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"மொதலாளி, வரப்பு ஒடைஞ்சா நீ காலி. எறங்கி முதுவக் குடுத்து நில்லு. நான் மண்ணு கொட்றேன்."

அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு உப்புத் தண்ணீரில், வரப்பில் முதுகைச் சாய்த்து நின்றான். பச்சையம்மா கூடையில் மணலை அள்ளி அவனுக்குப் பின்னால் ஒரு கூடை கொட்டினாள். இரண்டாவது கூடையை நிரப்பினாள். இடுப்பில் வைத்துக்கொண்டாள். கொட்டவில்லை.

"எம் புருசன் பீடி குடிச்சாரா?"

அவன் கொட்டு, கொட்டு என்றான். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். தண்ணீர் அவன் விலாவுக்கு ஏறியது. முதுகுப் பக்கம் மண் நெகிழ்வது அவனுக்கே தெரிந்தது. இப்போது மேலே ஏறினால் வரப்பு போகும், குட்டை போகும், கான்ட்ராக்டு போகும், ஊர் சும்மா விடாது. நின்றால் இவள் கேள்வி. அவன் கெஞ்சினான். தன் பிள்ளைகளைச் சொன்னான், அண்ணன் கடையைச் சொன்னான், சாமிமேல் ஆணையாக இனி நல்லபடி நடப்பேன் என்றான். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் கையூன்றி உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

குப்பம் முழுவதும் மண்வெட்டியோடு வந்து நின்றது. முன்னால் நாட்டார், பக்கத்தில் ரேஞ்சர் அருள்நாதன். பள்ளத்தில் நிற்பவனையும் கூடையோடு உட்கார்ந்திருப்பவளையும் பார்த்து அவர்கள் திகைத்தார்கள். சிலர் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு இறங்கப் போனார்கள். பச்சையம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

"எறங்காதீங்க நைனா. அவரு ஒண்ணு சொல்லணுமின்னு நின்னுகினு கீறாரு. கேட்டுட்டு எறங்குங்க."

வரப்பின் ஓரம் ஒரு கட்டி மண் பிளந்து குட்டைக்குள் விழுந்தது. பெண்கள் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். தண்ணீர் சுப்புராஜின் மார்பை எட்டியிருந்தது.

"பீடி இல்ல," என்றான் அவன். "கோதண்டம் பீடி குடிக்கல. என் ஆளுவ கஞ்சி காய்ச்சுன அடுப்புல இருந்து பத்திச்சு. சருவு வாரல. வார வேண்டிய ஆளுவள நான்தான் வண்டிக்கு அனுப்பிட்டேன். அவன் ஒங்க குடிசையக் காப்பாத்த ஓடுனவன்."

பச்சையம்மா கூடையைத் தூக்கி மணலைக் கொட்டினாள். அதன் பிறகே வழிவிட்டாள். ஊரே பாய்ந்து இறங்கியது. மண்வெட்டிகள் பறந்தன. வரப்பு அகன்றது. கழி முனையிலும் மணலைத் தள்ளி அடைத்தார்கள். குட்டை பிழைத்தது. வடக்கு மூலையில் மட்டும் உப்பு நின்றுவிட்டது.

வேலை முடிந்ததும் சுப்புராஜ் பள்ளத்திலிருந்து ஏற முடியாமல், மேலே நின்ற பச்சையம்மாவை நோக்கிக் கையை நீட்டினான். ரசூல் பீவி குனியப் போனாள். பச்சையம்மா அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். அவன் நாலு காலில் தவழ்ந்துதான் மேலே வந்தான். நாட்டார் பச்சையம்மாவிடம் வந்து, ஊர் செய்த தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்லிவிட்டானே, அவனை விட்டுவிடு என்றார். பெண்களில் ஒருத்தி பச்சையம்மாவின் குடத்தை வாங்கி, அவளுக்கு முதலில் மொண்டு தரப் போனாள். பச்சையம்மா குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவர்களையும் அவள் மன்னிக்கத் தயாராக இல்லை.

பள்ளம் வெட்டும்போதே ஏன் சொல்லவில்லை என்று ரேஞ்சர் அவளைத் தனியே கேட்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு, ஆமைகள் செத்துக் கிடந்த பக்கம் நடந்தாள். அவரும் வற்புறுத்தவில்லை. மணலில் காய்ந்து கிடந்த இரண்டு ஆமைகளை அவள் தன் கையாலேயே புதைத்தாள்.

கான்ட்ராக்டு ரத்தாயிற்று. ஆனால் வெட்டிய பள்ளம் முழுவதையும் மூடி, அறுந்த அடம்புக் கொடியை மறுபடி நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு என்று உத்தரவு வந்தது. அவனுக்குக் கூலிக்கு வர எண்ணூரில் ஓர் ஆள் இல்லை. அந்தக் கோடை முழுவதும் சுப்புராஜே கூடை சுமந்தான். காவல் பார்த்தவள் பச்சையம்மா.

குருவிக் கூட்டைச் சுற்றி நட்ட குச்சிக்கு அருகே அவன் கால் போனால், சுற்றிக்கொண்டு போகச் சொல்வாள். மணலைத் தளர்வாகக் கொட்டினால், மிதித்து இறுக்கச் சொல்வாள். கொடியின் வேரை மேலாக வைத்தால், பிடுங்கி மறுபடி நடச் சொல்வாள். அவன் உள்ளங்கை கொப்புளித்துத் தோல் உரிந்தது. அவள் ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. அந்தத் தோப்பில் மண்ணும் தண்ணீரும் உயிர்களும் அவ்வளவு பத்திரமாக இருந்த கோடை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று ரேஞ்சர் பிற்காலத்தில் சொல்வாராம்.

ஒரு நடுப்பகலில், அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கூடையை இறக்கிவிட்டு அவள் எதிரில் வந்து நின்றான். உதடு வெடித்திருந்தது. அவள் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய மண்பானை இருந்தது.

"தாகமா இருக்கு, தாயி. கொஞ்சம் தண்ணி."

பச்சையம்மா பானையைச் சாய்த்து ஒரு குவளை மொண்டாள். அண்ணாந்து, நிதானமாக, தானே குடித்தாள். பிறகு குவளையைக் கவிழ்த்துவிட்டு, குட்டையின் வடக்கு மூலையைக் கை காட்டினாள்.

"அங்க போய்க் குடி. நீ வெட்டுன தண்ணிதானே அது."

அவன் போனான். குனிந்து கையில் அள்ளுவதையும், வாயில் வைப்பதையும், முகம் கோணுவதையும், தாகம் தாங்காமல் மறுபடி அள்ளுவதையும் அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.